கச்சேரிக்குப் போன தாசில்தார்

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய நாவல் கிடைத்திருக்கிறது. அட்டையும் இல்லை, முன்பக்கங்களும் இல்லை. அதில் ஒரு தாசில்தார் தினமும் குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கச்சேரிக்குப் போகிறார், விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்புகிறார். நாற்பது பக்கம் தள்ளி ஒரு வேலைக்காரன், தன்னைக் கச்சேரிக்கு மட்டும் அனுப்பிவிட வேண்டாம் என்று எஜமானின் காலில் விழுந்து அழுகிறான். அப்புறம் ஒரு கல்யாணம் வருகிறது, அங்கே ராத்திரி சதிர்க் கச்சேரி. தாசில்தார் வேலையை விட்டுவிட்டுத் தினமும் பாட்டுக் கேட்கவா போகிறார், வேலைக்காரன் பாட்டுக்கு ஏன் பயப்படுகிறான், இது அச்சுப் பிழையா என்று தம்பி குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறார்.

அச்சுப் பிழை எதுவும் இல்லை. தாசில்தார் போனது தாலுகா ஆபீசுக்கு. வேலைக்காரன் பயந்தது போலீஸ் ஸ்டேஷனுக்கு. கல்யாணத்தில் நடந்தது நாட்டியம். மூன்றுக்கும் அன்றைக்குக் கச்சேரி என்ற ஒரே சொல்தான். அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பதில் இவ்வளவே. ஆனால் இது எனக்கு மிகவும் நெருக்கமான சொல், அதனால் பொறுமை இருப்பவர்களுக்கு மீதியையும் சொல்கிறேன்.

நான் ராமநாதபுரம் கடற்கரையில் பத்திரம் எழுதுகிறவன். ஒரு தோப்பையோ மனையையோ விற்க வருகிறவர்கள் கூடவே பழைய மூலப்பத்திரங்களைக் கொண்டுவருவார்கள், மஞ்சள் பையில், சில சமயம் தகரப் பெட்டியில். உப்புக் காற்று பட்டுப் பட்டு மடிப்பெல்லாம் இற்றுப்போயிருக்கும். விரலால் பிரிக்காமல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை உள்ளே நுழைத்துத்தான் பிரிப்பேன். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள், மைக்கூட்டில் தொட்டு எழுதிய எழுத்து, ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைக்காத எழுத்து. அதில் பனை இத்தனை, தென்னை இத்தனை, கிணற்றில் பாதி என்று எல்லாம் எழுதி முடித்துப் பின்பக்கம் திருப்பினால், இன்ன தேதியில் இன்ன மணிக்குள் சப் ரிஜிஸ்திரார் கச்சேரியில் தாக்கல் செய்யப்பட்டது என்று இருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு வயது இருபதுக்குள்தான், நானும் தம்பியைப் போலவே முழித்தேன். ரிஜிஸ்திரார் ஆபீசில் யார் பாடினார்கள்? எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், "கச்சேரின்னா ஆபீஸ்டா, பாட்டு அப்புறம் வந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்த 'அப்புறம்' எப்போது, எப்படி என்று அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

பத்திரத்தில்கூட இது காகிதத்தில் கிடக்கும் சொல். என் அப்பத்தா வாயில் உயிரோடு இருந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் ஒரு வருஷம் பாட்டுக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பையன் சட்டையைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்று, "அப்பத்தா, கச்சேரிக்குப் போறேன்" என்று சொன்னான். அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டாள். "ஏன்டா, என்னடா பண்ணுன? யாரு கூப்பிட்டு அனுப்புனா? ஒங்க அப்பன் வரட்டும், தனியாப் போகாத" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கச்சேரி என்றால் போலீஸ்தான். சிவப்புச் சாயம் அடித்த கட்டடம், வாசலில் வேப்பமரம், மரத்தடியில் குத்தவைத்துக் காத்திருக்கும் பொம்பளைகள். எப்போதோ ஒரு வலைச் சண்டையில் அவளுடைய அண்ணனை அங்கே கொண்டுபோய் ராத்திரி முழுக்க வைத்திருந்தார்களாம். பாட்டுக்கு அவள் வைத்திருந்த சொல் 'பாட்டு'தான், 'இன்னைக்குக் கோயில்ல பாட்டு' என்பாள். அந்தப் பையன் அரை மணி நேரம் விளக்கிச் சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

தம்பி, உங்கள் நாவலில் அழுகிற வேலைக்காரனுக்கும் என் அப்பத்தாவுக்கும் பயம் ஒன்றுதான்.

சரி, தாலுகா ஆபீசுக்கும் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது? அந்த வேலைகள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே ஆளிடம், ஒரே கட்டடத்தில் இருந்ததால்தான். 1816இல் சென்னை ராஜதானியில் கம்பெனி அரசு கொண்டுவந்த விதிகளின்படி கலெக்டர்தான் மாஜிஸ்திரேட்டும். அவருக்குக் கீழே தாசில்தார் வரி வசூலிப்பார், அவர்தான் தாலுகாவின் போலீஸ் தலைவரும், சின்னக் குற்றங்களை விசாரிப்பவரும். காலையில் கிஸ்தி கட்ட வருகிறவனும், மத்தியானம் கட்டி இழுத்து வரப்படுகிறவனும், எல்லைத் தகராற்றுக்குச் சாட்சி சொல்ல வருகிறவனும் ஒரே வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த வாசலுக்கு ஜனங்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அது கச்சேரி. 1859இல் சென்னை போலீஸ் சட்டம் வந்து போலீசைத் தனி இலாகாவாகப் பிரித்தது. இலாகா பிரிந்ததும் பெயர் பிரிந்துவிடுமா? பிரியவில்லை. புதுக் கட்டடத்துக்கும் அதே பெயர் கூடவே போனது. தாசில் கச்சேரி, போலீஸ் கச்சேரி, முன்சீப் கச்சேரி, ரிஜிஸ்திரார் கச்சேரி என்று முன்னால் ஓர் ஒட்டு மட்டும் சேர்ந்தது, அதுவும் வேண்டும்போதுதான். ஊர்க்காரர்களுக்கு எந்தக் கச்சேரி என்று பேச்சிலேயே தெரியும்.

சொல் தமிழ் இல்லை. இந்தியில் கச்சஹரி என்றால் இன்றைக்கும் நீதிமன்றம். மராத்தியில் கசேரி என்றால் அலுவலகம். நம்முடைய உச்சரிப்பு மராத்தியோடுதான் ஒட்டுகிறது. தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆட்சி இருந்ததை நினைத்துப் பார்த்தால் இது அந்த வழியாக வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. வெள்ளைக்காரர்களும் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு தங்கள் காகிதங்களில் எழுதினார்கள். சென்னை மயிலாப்பூரில் கச்சேரி சாலை இருக்கிறதே, அதில் நடந்துபோகிற பாதிப் பேர் டிசம்பர் சங்கீத சீசனை நினைத்துத்தான் அந்தப் பெயர் என்று நம்புகிறார்கள். அது சர்க்கார் கச்சேரி இருந்த சாலை. மயிலாடுதுறையிலும் ஒரு கச்சேரி சாலை உண்டு, அங்கேயும் இதே கதைதான்.

இப்போது பழைய கதைகளைப் படிப்பவர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், எந்தப் பொருளுக்கு அது ஒட்டில்லாமல் வெறுமனே நிற்கிறது, எதற்கு முன்னால் இன்னொரு சொல் தேவைப்படுகிறது என்று பாருங்கள். வெறுமனே நிற்பதுதான் அந்தக் காலத்து வாசகர் மனசில் முதலில் வந்த பொருள்.

எங்கள் கடற்கரையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. எஞ்சின் வைத்த விசைப்படகு வருவதற்கு முன்னால் யாரும் நாட்டுப்படகு என்று சொன்னதில்லை. எல்லாமே நாட்டுப்படகாக இருக்கும்போது 'நாட்டு' என்று எதற்குச் சொல்ல வேண்டும்? விசைப்படகு வந்த பிறகுதான் பழைய படகுக்கு ஓர் ஒட்டு தேவைப்பட்டது. தூள் உப்பு பாக்கெட்டில் வரும்வரை கல்லுப்புக்குப் பெயர் உப்புதான். வண்டி என்றால் ஒரு காலத்தில் மாட்டுவண்டி, இன்றைக்கு என் மகன் வண்டிச் சாவியைத் தேடினால் அது பைக்.

கச்சேரியையும் இப்படியே பாருங்கள். உங்கள் நாவலில் தாசில்தார் போனது வெறும் கச்சேரி. வேலைக்காரன் பயந்ததும் வெறும் கச்சேரி. கல்யாணத்தில் நடந்ததற்கு மட்டும் 'சதிர்' என்ற ஒட்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் அதை எழுதியவருக்கும் படித்தவர்களுக்கும் கச்சேரி என்றதும் முதலில் மனசில் வந்தது சர்க்கார் கட்டடம். பாட்டோ ஆட்டமோ என்றால் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பாரதியார் சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், எங்கே போனாலும் வித்வான்கள் அதே நாலு கீர்த்தனங்களைத்தான் பாடுகிறார்கள் என்று வயிறெரிந்து சொல்கிற இடத்தில், 'பாட்டுக் கச்சேரி' என்றுதான் எழுதுகிறார். பாரதியார் இறந்தது 1921இல். அவர் காலத்தில்கூடப் பாட்டுக்கு அந்த ஒட்டு உதிரவில்லை. இன்றைக்கு நிலைமை தலைகீழ். கச்சேரி என்றால் பாட்டு, ஆபீஸ் என்ற பொருளில் ஒரு கதையில் வந்தால் கீழே குறிப்புப் போட வேண்டியிருக்கிறது.

பாட்டுக்கு இந்தப் பெயர் வந்தது எப்படி என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் இருக்கிறது, இது என் யோசனைதான், ராமநாதபுரத்தில் இருப்பதால் வந்த யோசனை. இங்கே அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்று சேதுபதிகளின் தர்பார் மண்டபம் இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது 1700களின் முதல் கால் பகுதியில் தீட்டியவை. அந்த மண்டபத்துக்குள் போய் நின்று பார்த்தால் ஒன்று புரியும். நடுவில் உயரமாக ஓர் ஆள் உட்கார, எதிரிலும் பக்கத்திலும் மற்றவர்கள் வரிசையாக இருக்கும்படி கட்டிய இடம் அது. பகலில் கணக்கும் வழக்கும் வந்தால் அது கச்சேரி. நவராத்திரியில் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மனுக்கு விழா நடக்கும்போது வித்வான்களும் புலவர்களும் சேதுபதி முன்னால் வந்து உட்காருவார்கள், அதுவும் அதே மாதிரிக் கூட்டம்தான். ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கிற, முறையாக உட்காருகிற கூட்டம். சபா என்ற சொல்லும் இப்படித்தானே ஆனது? அவை என்ற பொருளில் இருந்தது, இன்றைக்குச் சென்னையில் சபா என்றால் பாட்டுக் கேட்கிற ஹால்.

ராமநாதபுரம் சமஸ்தானத்து ஆதரவில் இருந்த பாட்டு வித்வான் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார். 1860இல் பிறந்தவர், 1919இல் மறைந்தார். அவருடைய சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அரியக்குடியும் அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது. இன்றைக்கு மேடையில் பாடுகிறவர்கள் முதலில் வர்ணம், அப்புறம் சின்னச் சின்னக் கீர்த்தனங்கள், நடுவில் விஸ்தாரமாக ஒன்று, கடைசியில் துக்கடாக்கள் என்று ஓர் ஒழுங்கில் பாடுகிறார்களே, அதற்குக் கச்சேரி பத்ததி என்று பெயர், அதை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடியைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். பாட்டுக் கச்சேரிப் பத்ததி என்று யாரும் சொல்வதில்லை. ஒட்டு உதிர்ந்துவிட்டது. ஜமீன்தார் வீட்டுக் கூடத்திலிருந்து டிக்கெட் வாங்கி உட்காருகிற சபா ஹாலுக்குப் பாட்டு இடம் மாறிய காலம் அது, 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியதெல்லாம் அந்த வேகத்தில்தான். 1930களில் ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமரிசனம் எழுதினார். ஒரே இதழில் தொடர்கதையும் கச்சேரி விமரிசனமும் பக்கம் பக்கமாக வந்தால், வாசகர் மனசில் எந்தப் பொருள் நிற்கும்? ராமநாதபுரத்துக் கடற்கரையில் இருக்கும் எனக்கு, ஆபீசிலிருந்து மேடைக்குச் சொல் நகர்ந்த கதையில் நம் ஜில்லாவுக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதில் ரொம்பச் சந்தோஷம்.

அதே சமயத்தில் ஆபீஸ் பக்கம் சொல் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் ஆபீஸ், ஸ்டேஷன், கோர்ட்டு என்ற இங்கிலீஷ் சொற்கள் பேச்சில் புகுந்து ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டன. 1948 சட்டத்தால் ஜமீன்கள் போனதும் ஜமீன் கச்சேரி என்று சொல்ல இடமே இல்லாமல் போனது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அலுவலகம், காவல் நிலையம், நீதிமன்றம், வட்டாட்சியர் என்று பலகைகள் மாறின. ஒரே சொல் செய்த வேலையை நாலைந்து சொற்கள் பிரித்துக்கொண்ட பிறகு கச்சேரிக்கு மிஞ்சியது பாட்டு மட்டும். ராமநாதபுரம் ஜில்லா 1910இல் உண்டானாலும் கலெக்டர் இருந்தது மதுரையில், 1985இல் ஜில்லாவை மூன்றாகப் பிரிக்கும்வரை அப்படித்தான். பட்டா விஷயமாக மனுக் கொடுக்க இங்கிருந்து ரயிலேறுகிற பெரியவர்கள் 'மதுரைக் கச்சேரிக்குப் போயிட்டு வாரேன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அதே வாக்கியத்தை யாராவது சொன்னால், யார் பாடுகிறார்கள் என்றுதான் கேட்போம்.

இதில் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, அது எங்களுக்கு எதிர்க்கரையிலேயே இருக்கிறது. இலங்கையில் கச்சேரி என்றால் இன்றைக்கும் மாவட்டத்தின் தலைமை அரசு அலுவலகம், அரசாங்க அதிபர் உட்காருகிற இடம். யாழ்ப்பாணத்தில் கச்சேரி நல்லூர் வீதி என்று ஒரு வீதியே இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். 1914 முதல் 1964 புயல் வரைக்கும் போட் மெயில் ரயிலில் வந்து கப்பல் ஏறி ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். இருந்தும் ஒரே சொல் இந்தக் கரையில் மேடை ஏறிவிட்டது, அந்தக் கரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கிறது.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிற ஒரு பெரியவர் சில வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு விண்ணப்பம் எழுத வந்தார், மன்னார்ப் பக்கத்துக்காரர். மகளுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். "பதிவெல்லாம் கச்சேரியில கிடக்குது ஐயா, கச்சேரிக்கு ஒரு கடிதம் போட்டா எடுத்துத் தருவினம்" என்றார். பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இளம் வக்கீல் ஒருவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் பழைய மூலப்பத்திரத்தின் பின்பக்கம் எழுந்துவந்து பேசுகிற மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் எப்போதோ அடங்கிப்போன பொருள் அவர் வாயில் நேற்று நடந்த காரியமாக வந்தது. அதனால் ஈழத்து எழுத்தாளர்களுடைய கதைகளைப் படிக்கும்போது மேலே நான் சொன்ன காலக் கணக்கைப் போடாதீர்கள். 1980களில் எழுதிய கதையிலும் ஒருவன் கச்சேரியில் கிளார்க்காக இருக்கலாம், அவன் மிருதங்கக்காரன் இல்லை.

வாக்கியத்துக்குள் வேறு என்ன தடயம் கிடைக்கும் என்றால், வினைச்சொல்லைப் பாருங்கள். நானே சில வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன். 'மாமா கச்சேரிக்குப் போய்விட்டார், ஐந்து மணிக்குமேல் வாருங்கள்' என்றால் ஆபீஸ், ஏனென்றால் அது தினப்படி நடக்கிற காரியம், நேரம் வரையறுத்தது. 'அவனைக் கச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்', 'கச்சேரி ஏறவேண்டியதாகிவிட்டது' என்றால் போலீசோ கோர்ட்டோ, தானாகப் போகாத இடம். 'கச்சேரி வைத்தார்கள்', 'கச்சேரி கேட்டார்கள்' என்றால் பாட்டு, அதில் சந்தேகமே வேண்டாம், ஆபீசை யாரும் வைக்கவோ கேட்கவோ மாட்டார்கள். சிக்கல் வருவது 'கச்சேரி கலைந்தது', 'கச்சேரி நடந்துகொண்டிருந்தது' மாதிரி இடங்களில். இரண்டுக்கும் பொருந்தும். அங்கே பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். டபேதார், சிரஸ்தார், குமாஸ்தா, தஸ்தாவேஜுக் கட்டு தென்பட்டால் ஆபீஸ் பக்கம். பாகவதர், தம்பூர், பந்தல், சந்தனப் பேலா தென்பட்டால் பாட்டுப் பக்கம். ஜமீன் கதைகளில் மட்டும் இரண்டு கூட்டமும் ஒரே கூடத்தில் வந்துபோகும், அங்கே நாலு வரி முன்னும் பின்னும் படித்தால்தான் பிடிபடும்.

அரட்டைக் கச்சேரி, சீட்டுக் கச்சேரி எல்லாம் இதில் பக்கக் கிளைகள். நாலு பேர் உட்கார்ந்து பொழுதைப் போக்கினால் கச்சேரி. எங்கள் ஊர்க் கரையில் மத்தியானம் வலையைச் சரிபார்த்துக்கொண்டே நிழலில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்த்து வீட்டுப் பெண்கள், 'அங்கே கச்சேரியைக் கூட்டிட்டாங்க, இனி சோறு ஆறுனாலும் வரமாட்டாங்க' என்பார்கள். இந்தப் பொருளுக்கு மூலம் பாட்டா, ஆபீசா என்று சண்டை போட வேண்டியதில்லை, கூடி உட்காருவதுதான் மூலம்.

பழைய தமிழ் நாவல்களில் இந்தச் சொல் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்று சிலர் கேட்பார்கள். எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் போதும். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது, எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையா உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். காலையில் கச்சேரிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்து கதை எழுதியவர்கள் இவர்கள். அவர்களுடைய கதைமாந்தர்களுக்கு நல்லதும் கெட்டதும் அந்தக் கட்டடத்துக்குள்ளேதான் நடக்கும், மாப்பிள்ளைக்கு உத்தியோகம் கிடைப்பதும் அங்கே, குடும்பச் சொத்து போவதும் அங்கே.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய நாவல் ஒன்றின் புதுப் பதிப்பை வாங்கினேன், பதிப்பாளர் பெயர் வேண்டாம். 'இக்கால வாசகர்களுக்காக எளிமைப்படுத்தியது' என்று போட்டிருந்தது. கச்சேரி வந்த இடமெல்லாம் 'அலுவலகம்' என்று மாற்றியிருந்தார்கள். கடனைக் கட்ட முடியாத ஒரு குடியானவனை எஜமானியம்மாள் கச்சேரிக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிற இடத்தில், 'உன்னை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன்' என்று அச்சாகியிருக்கிறது. இதைப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் எப்படிப் புரியும்? என் அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாளே, அந்தப் பயம் 'அலுவலகம்' என்ற சொல்லில் துளியும் இல்லை. வரி, தடி, தீர்ப்பு மூன்றும் ஒரே வாசலில் இருந்த காலத்தின் பயம் அது, 'கச்சேரி' என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது. மாற்றாமல் விட்டுவிட்டு முதல் முறை வருகிற இடத்தில் ஒரு வரிக் குறிப்புப் போட்டிருந்தால் போதும், வாசகர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக, தம்பியின் அட்டை இல்லாத நாவலுக்கு வருகிறேன். எந்தக் காலத்தது என்று கேட்டிருந்தீர்கள். ஆபீசுக்கும் போலீசுக்கும் வெறும் கச்சேரி, ஆட்டத்துக்குச் சதிர்க் கச்சேரி. 1930களில் சதிர் என்ற பெயரையே மாற்றிப் பரதநாட்டியம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், கல்யாண வீட்டுச் சதிரும் அப்போதே குறைந்துபோனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1930க்கு முந்திய நாவலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு காரியம் செய்யுங்கள். போலீஸ் வருகிற எல்லா இடத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஓர் இடத்திலாவது 'ஸ்டேஷன்' என்று வருகிறதா, அது யார் வாயில் வருகிறது, படித்த பிள்ளை வாயிலா, வேலைக்காரன் வாயிலா என்று பாருங்கள். படித்தவன் ஸ்டேஷன் என்றும் வேலைக்காரன் கச்சேரி என்றும் சொன்னால், சொல் இடம் மாற ஆரம்பித்த வருஷங்களில் எழுதியது அது. எல்லோரும் கச்சேரி என்றே சொன்னால் இன்னும் பின்னுக்குப் போகலாம். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். பிரிக்கும்போது விரலால் பிரிக்காதீர்கள், அட்டை ஒன்றை உள்ளே விட்டு மெதுவாக.